உண்டியல் தூக்கும் முன்: குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நெல்லையிலிருந்து நிதி திரட்ட நினைப்பவர்களுக்கு

என் அக்கா மகனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டரை ஆண்டு பாளையங்கோட்டைக்கும் திருவனந்தபுரத்துக்குமாக அலைந்தோம். பையன் தேறிவிட்டான், இப்போது எட்டாம் வகுப்பு. அந்த வேகத்தில் நானும் நான்கு நண்பர்களும் சேர்ந்து, "குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டோம். நாற்பது நாளில் 3,40,000 ரூபாய் வந்துவிட்டது. வந்தது எல்லாம் என் சொந்த சேமிப்புக் கணக்கில். அங்கேதான் தொடங்கியது வினை.

வள்ளியூரிலிருந்து 25,000 அனுப்பியவர் வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்டார். வங்கியிலிருந்து, இவ்வளவு பேர் ஏன் பணம் போடுகிறார்கள் என்று விசாரித்தார்கள். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மருத்துவமனைக்குப் போனால், "ஆராய்ச்சிக்கு என்றால் எந்த ஆராய்ச்சிக்கு? நீங்கள் யார், எந்த அமைப்பு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஸ்க்ரீன்ஷாட்டுகளை வைத்துப் பட்டியல் எடுத்து, எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விருப்பம் இருந்தால் டிரஸ்ட் கணக்கு வந்ததும் போடுங்கள் என்றேன். திரும்பி வந்தது 2,10,000. இதற்குள் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. இந்த வரிசையில் நீங்கள் செய்தால் அதில் பாதிக்கும் குறைவான காலத்தில் முடியும்.

1. எதற்குப் பணம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் "கேன்சர் குழந்தைகளுக்கு" என்று சொன்னால் கொடுப்பவர் மனதில் வருவது சிகிச்சை. ஒரு குழந்தையின் படம், ஒரு மருத்துவமனைப் பில். ஆராய்ச்சி என்பது வேறு. இரண்டையும் குழப்பி வசூலித்தால் நாளைக்கு ஒருவர், "நான் கொடுத்த பணம் எந்தப் பிள்ளைக்குப் போச்சு?" என்று கேட்பார். பதில் இருக்காது.

சிகிச்சைக்கு ஓரளவு வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. அதற்கு வெளியே விழும் செலவுகள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்குக் கேட்டு வருபவர் அநேகமாக யாருமே இல்லை.

சரி, ஐந்து பேர் சேர்ந்த ஒரு நெல்லை டிரஸ்ட் ஆராய்ச்சிக்கு என்ன செய்துவிட முடியும்? புது மருந்து கண்டுபிடிக்க நம் காசு காணாது. ஆனால் இதைக் கவனியுங்கள்: உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் கீழே. மருந்து தெரியாததால் வந்த வித்தியாசம் இல்லை இது. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவது, மருந்தின் கடுமையையும் தொற்றையும் குழந்தை தாங்காமல் போவது, நோய் திரும்பி வருவது, இவைதான் காரணங்கள். நம் குழந்தைகளுக்கு எந்த அளவு மருந்து தாங்கும், யார் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் இங்கேதான் ஆராய்ந்தாக வேண்டும். ஐசிக்கிள் என்ற பெயரில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இந்திய மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்திய ஆய்வு அப்படிப்பட்டதுதான்.

இந்த மாதிரி ஆய்வுகளில் சிறிய பணத்துக்கும் இடம் இருக்கிறது. நோயாளிப் பதிவுகளைச் சரிபார்த்து உள்ளிடும் டேட்டா மேனேஜரின் சம்பளம், ஆய்வு நர்ஸ் ஒருவர், சிகிச்சை நடுவில் எலும்பு மஜ்ஜையில் மிச்சமிருக்கும் புற்றணுக்களை அளக்கும் பரிசோதனை, ஆய்வில் இருக்கும் குடும்பம் தவணை தவறாமல் வந்து போகப் பயணச் செலவு. எங்களுக்கு முதலில் சொன்ன கணக்கு, ஒரு டேட்டா மேனேஜருக்கு மாதம் 30,000. ஆண்டுக்கு 3,60,000. இது நெல்லையில் திரட்டக்கூடிய தொகை. அதனால் அதையே எடுத்துக்கொண்டோம். நீங்களும் ஒன்றை மட்டும் எடுங்கள். துண்டறிக்கையில், "இந்த ஆண்டு உங்கள் பணம் இன்ன வேலைக்கு" என்று ஒரே வரியில் எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

2. டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா

நீட்டி யோசிக்க வேண்டாம். சங்கம் என்றால் ஏழு பேராவது வேண்டும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் பொதுக்குழு, தாக்கல் என்று வேலை இருக்கும். லாப நோக்கமில்லாத பிரிவு 8 கம்பெனிக்குப் பெரிய நிறுவனங்களிடம் மதிப்பு அதிகம், நடத்தும் செலவும் அதிகம். இரண்டு மூன்று நம்பகமான ஆட்கள் இருந்தால் பொது அறக்கட்டளை போதும். நாங்கள் அதைத்தான் செய்தோம். இனி வருவது எல்லாம் டிரஸ்டுக்குத்தான்.

3. பத்திரம்: இங்கே அவசரப்பட்டால் ஐந்து ஆண்டு அழ வேண்டும்

பத்திர எழுத்தரிடம் போனால் ஏற்கெனவே எழுதிய ஒரு டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றித் தருவார். எங்களுக்குக் கிடைத்தவர், "அண்ணாச்சி, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், கோயில் கொடை எல்லாம் சேத்து அம்பது நோக்கம் போட்டுருவோம், பெறவு எதுக்குன்னாலும் ஒதவும்லா" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். பிறகு ஆடிட்டர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். திருத்தப் பத்திரம் போட வேண்டியதாயிற்று.

பத்திரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை:

நோக்கம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் குறித்த மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி உதவுதல், நோயுற்ற குழந்தைகளின் சிகிச்சை, பயணம், தங்குமிடத்துக்கு உதவுதல், இதே நோக்கமுள்ள பதிவுபெற்ற நிறுவனங்களுக்கு நன்கொடை அளித்தல். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால், மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும்போது "உங்கள் பத்திரத்தில் இதற்கு இடம் எங்கே?" என்று கேள்வி வரும்.

கோயில் கொடை, திருவிழா எதையும் சேர்க்காதீர்கள். மத நோக்கம் கலந்தால் 80ஜி-க்கு இடைஞ்சல். அதைவிட முக்கியம், ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் பயன்படும் டிரஸ்டுக்கு 80ஜி கிடையாது. "நம்ம ஆட்கள் பிள்ளைகளுக்கு மட்டும்னு ஒரு வரி போட்டா வசூல் நல்லா வரும்" என்று சொல்ல ஒருவர் எங்கிருந்தாவது வருவார். எங்களுக்கும் வந்தார். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

டிரஸ்டை யாரும் திரும்பப் பெற முடியாது என்ற வாசகம். கலைக்க நேர்ந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்குப் போகும், டிரஸ்டிகளுக்கு வராது என்ற வாசகம். டிரஸ்டிகளுக்கோ உறவினருக்கோ எந்த ஆதாயமும் கிடையாது என்பது. கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வங்கியில் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்து. பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்பது.

டிரஸ்டிகள் எல்லாரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கணவன், மனைவி, மச்சான் என்று இருந்தால் பின்னால் எந்தக் கம்பெனியும் மதிக்காது.

ஆவணங்கள்: டிரஸ்டிகள் அனைவரின் ஆதார், பான், புகைப்படம், இரண்டு சாட்சிகள், அவர்களின் ஆதார், அலுவலக முகவரிக்கு வீட்டுவரி ரசீதும் மின்கட்டண ரசீதும். வாடகை இடம் என்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் சேர்த்து. பதிவுத்துறை இணையதளத்தில் டோக்கன் போட்டு, அசல்களோடு எல்லாரும் நேரில் போக வேண்டும். முகூர்த்த நாளில் போகாதீர்கள். அன்றைக்குத்தான் ஊர் முழுக்க மனை பதிவு செய்ய வந்து நிற்கும். ஆடி மாதத்தில் பதிவு அலுவலகம் காற்று வாங்கும். டிரஸ்ட் பத்திரத்துக்கு ஆடி ஒன்றும் செய்யாது. நாங்கள் ஆடியில் போய் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தோம்.

முத்திரைத் தாளும் பதிவுக் கட்டணமும் அவ்வப்போது மாறும். அன்றைய தொகையை அலுவலகத்திலேயே கேளுங்கள். எழுத்தர் கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆறாயிரத்துக்குச் சற்று மேல் ஆனது. அசையாச் சொத்து இல்லாத டிரஸ்ட் பத்திரம் நான்காம் புத்தகத்தில் பதிவாகும். ஆவண எண்ணோடு "பிகே4" என்று போடுவது அதைத்தான். சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள், எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

4. பான், வங்கிக் கணக்கு

பத்திரம் கைக்கு வந்த அன்றே டிரஸ்ட் பெயரில் பான் விண்ணப்பியுங்கள். கட்டணம் நூற்றிச் சொச்சம்தான், இரண்டு வாரத்தில் வந்துவிடும். பத்திரத்தில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து பானில் இருக்க வேண்டும். "டிரஸ்ட்" என்ற சொல்லுக்கு முன் ஒரு புள்ளி கூடுதலாக விழுந்ததால் எங்களுக்கு வங்கியில் மூன்று வாரம் போனது.

வங்கிக்கு: பத்திர நகல், பான், டிரஸ்டிகளின் ஆவணங்கள், கணக்கு தொடங்கவும் யார் கையெழுத்து என்றும் முடிவு செய்த தீர்மான நகல். தீர்மானம் என்றவுடன் பயப்படாதீர்கள். ஒரு நீளக் குறிப்பேடு வாங்கி, கூட்டம் நடந்த தேதி, வந்தவர்கள், முடிவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த மினிட் புத்தகம் இல்லாமல் இனி ஒரு வேலையும் நடக்காது. சின்னக் கிளையாகப் பார்த்துப் போவது நல்லது. ஜங்ஷன் பக்கத்துக் கூட்டத்தில் டிரஸ்ட் கணக்கு என்றாலே, "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள்.

கணக்கு தொடங்கியதும் கியூஆர் அட்டை டிரஸ்ட் பெயரில் வாங்குங்கள். அதற்கு முன் ஒரு ரூபாய்கூட யாரிடமும் வாங்காதீர்கள். என் கதை மேலே இருக்கிறது.

5. 12ஏ, 80ஜி

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. ஆனால் ஊரில் ஆடிட்டர் முதல் கொடையாளி வரை எல்லாரும் பழைய எண்களையே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். விண்ணப்பிக்கும்போது புது எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

12ஏ என்பது டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்கு. 80ஜி என்பது கொடுப்பவருக்கு வரிச் சலுகை. இரண்டும் தனித்தனிப் பதிவு, தனித்தனி விண்ணப்பம். அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. ஆடிட்டர் கட்டணம் மட்டும்தான். அது ஆளுக்கு ஆள் மாறும். மூன்று பேரிடம் கேட்டதில் ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதைப் போல மூன்று மடங்கு.

முதலில் தற்காலிகப் பதிவு. 10ஏ படிவம். இதில் பெரிதாக ஆராய மாட்டார்கள், ஒரு மாதம் முன்பின்னாக வந்துவிடும், மூன்று ஆண்டுக்குச் செல்லும். வேலை எதையும் தொடங்குவதற்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள். தொடங்கிவிட்டுப் போனால் கணக்கு வழக்கோடு நேரே அடுத்த கட்ட விண்ணப்பத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

இனிதான் கண்ணி. மூன்று ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முழுப் பதிவுக்கான 10ஏபி விண்ணப்பத்தை, தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்பாகவோ, வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, எது முதலில் வருகிறதோ அதற்குள் போட வேண்டும். ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினாலும் வேலை தொடங்கியதாகத்தான் கணக்கு. நாங்கள் ஜூலையில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கூட்டம் போட்டோம், மூன்று ஆண்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். இருபது நாள் மிச்சமிருக்கும்போது எதற்கோ போனில் பேசிய ஆடிட்டர், "கூட்டமா, எப்போ?" என்றார். அந்த இருபது நாள் நான் தூங்கவில்லை.

10ஏபி-க்குத் துருவிப் பார்த்துத்தான் தருவார்கள். சென்னையில் உள்ள விலக்குப் பிரிவு ஆணையர் அலுவலகத்திலிருந்து கேள்விகள் இணையதளத்திலும் மின்னஞ்சலிலும் வரும். கடிதம் வராது. பதில் சொல்லப் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும், பேசாமல் இருந்தால் நிராகரிப்பு. பத்திரம், கணக்குகள், வங்கி ஸ்டேட்மென்ட், செய்த வேலை பற்றிய குறிப்பு, தேதி தெரியும் படங்கள், பில்கள், கொடையாளர் பட்டியல், தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிந்த எண், எல்லாம் ஒரு கோப்பில் தயாராக இருக்கட்டும். முடிவு வர ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

வருமானம் 5 கோடிக்குள் உள்ள சிறிய டிரஸ்டுகளுக்கு 12ஏ பதிவு பத்து ஆண்டுக்கு என்று 2025-இல் நீட்டினார்கள். 80ஜி-யும் அதோடு சேர்ந்து நீளும் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் காலாவதித் தேதியைத் தனியாகக் காலண்டரில் எழுதுங்கள்.

கொடுப்பவரிடம் பொய்க் கணக்கும் சொல்லாதீர்கள். 1,000 ரூபாய் கொடுத்தால் 500 ரூபாய் அவருடைய வருமானக் கணக்கில் கழியும்; வரியில் 500 குறையாது. அதற்கும் உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஒன்றுமே கிடையாது. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. "முழுசா வரி இல்ல சார்" என்று வசூலித்த ஒரு தன்னார்வலரால் ஏப்ரல் மாதம் எனக்கு வந்த போன்கள் கொஞ்சமல்ல.

6. பணத்தை யாரிடம், எப்படிக் கொடுப்பது

நெல்லையிலிருந்து எட்டக்கூடிய பெரிய இடங்கள்: அடையாறு புற்றுநோய் நிலையம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-இல் தொடங்கியது, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், நமக்கு மிகப் பக்கம் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் (ஆர்சிசி). தென்காசி, வள்ளியூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல அங்கேதான் போகின்றன. ஊருக்குள் ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே கொடுப்பதானாலும் தெரிந்த டாக்டரிடம் நேரே பேசி முடித்துவிடாதீர்கள். டாக்டரிடம் பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் கடிதம் இயக்குநருக்கோ டீனுக்கோ போக வேண்டும், காசோலை நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆய்வின் பெயர் என்ன, பொறுப்பாளர் யார். நிறுவன நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறதா, அதன் எண் என்ன. மருந்தோ சிகிச்சையோ சோதிக்கும் ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தும் சிடிஆர்ஐ என்ற மருத்துவ ஆய்வுகளின் பதிவேட்டில் இருக்கிறதா. அந்தப் பதிவேடு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. எண்ணைப் போட்டால் ஆய்வின் நோக்கம், எத்தனை பேர், எந்தெந்த மருத்துவமனை எல்லாம் தெரியும். நான் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசப் போனபோது கிடைத்த மரியாதையே வேறு.

பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடமும் அதற்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது ஆய்வு நெறிமுறையில் உள்ளது. நம் பணத்தில் நடக்கும் ஆய்வில் அது நடக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கம் போதும். எந்த வேலைக்கு, எத்தனை தவணை, நிறுவனம் தன் நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்ளும், மிச்சமானால் என்ன, ஆள் வேலையை விட்டுப் போனால் என்ன, மார்ச் 31-க்குப் பிறகு பணம் எதற்குச் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றை எத்தனை நாளில் தருவார்கள். நிர்வாகச் சதவீதத்தை மறந்துவிட்டு, நாங்கள் ஒரு நிறுவனத்துக்கு முழு ஆண்டுத் தொகையையும் ஒரே காசோலையாகக் கொடுத்தோம். கழித்துக்கொண்டு மிச்சத்தில் பத்து மாதச் சம்பளம்தான் வந்தது. தப்பு எங்களுடையது. இப்போது காலாண்டுக்கு ஒரு தவணை.

வரிக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டு நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். ஆனால் இன்னொரு பதிவுபெற்ற டிரஸ்டுக்கு நன்கொடையாகக் கொடுத்தால், கொடுத்ததில் 85 சதவீதம்தான் செலவாகக் கணக்கில் ஏறும். ஒரு லட்சம் கொடுத்தால் 85,000. செலவழிக்காமல் முதலாக வைத்துக்கொள்ளும் அவர்களின் மூலநிதிக்கு என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் ஏறாது. மருத்துவமனைகள் பல டிரஸ்டுகளாகத்தான் இருக்கின்றன, ஆகவே நம்மைப் போன்றவர்கள் இதில் நேரே போய் விழுவோம். பிப்ரவரியிலேயே ஆடிட்டரோடு உட்கார்ந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். மார்ச் 28-இல் உட்கார்ந்தால் காசோலை எழுதும் நேரம்கூட இருக்காது.

7. வசூல்

அல்வாக் கடை மேசையில் உண்டியல் வைப்பது நம் ஊரில் எளிது. ஆனால் பெயர் தெரியாத நன்கொடைக்கு வரம்பு உண்டு: ஆண்டில் 1 லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், எது அதிகமோ அதுவரை தொல்லையில்லை, மேலே போனால் 30 சதவீத வரி. உண்டியலைத் திறக்கும்போது கடைக்காரரும் டிரஸ்டி இருவரும் இருந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டு, மறுநாளே வங்கியில் கட்டுங்கள். முடிந்தவரை பெயர், முகவரி, பான் எழுதிய ரசீதுக்கே ஆட்களைக் கொண்டு வாருங்கள்.

குலுக்கல் கூப்பன் வேண்டவே வேண்டாம். "பத்து ரூபா கூப்பன், முதல் பரிசு பைக்" என்று ஒருவர் நிச்சயம் யோசனை சொல்வார். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலிருந்து தடை. நல்ல காரியத்துக்கு என்றாலும் லாட்டரி லாட்டரிதான்.

குழந்தைகளின் படம். மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை படம் போட்டால் பணம் கொட்டும் என்பது உண்மை. நாங்கள் போடுவதில்லை. அக்கா மகன் படத்தை நான் முதல் செய்தியில் போட்டேன். அவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது ஒரு பையன் அதைக் காட்டிக் கேலி செய்தான். அந்தப் படம் எத்தனை குழுக்களில் சுற்றுகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போட்டே ஆக வேண்டும் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம், எங்கே எவ்வளவு காலம் என்று குறிப்பிட்டு, குழந்தையிடமும் கேட்டு.

நிகழ்ச்சிக்கு ஸ்டால் கேட்டு, கேன்சரைக் குணமாக்கும் மூலிகைப் பொடி என்று யாராவது வருவார்கள். கேன்சரைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயிரம் ரூபாய் ஸ்டால் வாடகைக்கு ஆசைப்படாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், கேட்டவுடன் அனுப்புவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆனால் அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால், நம் சொந்த மாமாவாகவே இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு அனுபவம், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவு, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு என்று நீளமான பட்டியல் இருக்கிறது. அப்படி வாங்கினாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. திரட்டி மருத்துவமனைக்குக் கொடுக்கும் நம்மைப் போன்ற டிரஸ்டுக்கு அதனால் பயனில்லை. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

எப்போது வசூலிப்பது? செப்டம்பர் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம், பிப்ரவரி 15 அதற்கான உலக நாள். இந்த இரண்டையும் சுற்றி வையுங்கள். நவம்பர், டிசம்பரில் வெளி நிகழ்ச்சி வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

8. தேதிகள்

மே 31: கடந்த நிதியாண்டில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற 10பிடி தாக்கல். அதிலிருந்து கொடையாளிகளுக்கு 10பிஇ சான்று எடுத்து அனுப்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். நம் ரசீதுப் புத்தகத்து ரசீது மட்டும் இருந்தால் கொடையாளிக்குச் சலுகை கிடைக்காது, இந்தச் சான்றுதான் வேண்டும். பான் எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் ஆள் மாறிவிடும் என்பதால் வசூலிக்கும் அன்றே சரிபாருங்கள். மே கடைசி வாரத்தில் 140 பேருக்கு போன் செய்து பான் கேட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

செப்டம்பர் 30: தணிக்கை அறிக்கை. அக்டோபர் 31: வருமான வரிக் கணக்கு, ஐடிஆர்-7. நிறைய ஆடிட்டர்கள் செப்டம்பரில் போனை எடுப்பதில்லை. ஜூனிலேயே பில்களைக் கொடுத்துவிடுங்கள்.

9. கம்பெனிப் பணம்

12ஏ, 80ஜி வந்து, வேலை செய்து காட்டிய பிறகு கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதிக்கான சிஎஸ்ஆர்-1 படிவம் போடலாம். டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். எனக்கு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. நம்மைப் போன்ற டிரஸ்டுக்கு இதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது விதி, அதனால் முதல் ஆண்டில் இதற்கு அலையாதீர்கள். விண்ணப்பத்தில் சுகாதாரம் என்ற தலைப்பில் கேளுங்கள். ஆராய்ச்சி என்று சட்டத்தில் உள்ள தலைப்பு அரசு நிதியில் நடக்கும் திட்டங்களையும் பல்கலைக்கழகங்களையும் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது.

10. பொறுப்பில் இருப்பவருக்கு

வரித்துறைத் தளம், வங்கி, தர்பன், சிஎஸ்ஆர் எல்லாவற்றுக்கும் நாங்கள் ஒரு டிரஸ்டியின் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தோம். அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஓடிபி அவருக்குப் போகும். அவர் வேலையில் இருப்பார். அவர் பார்த்து அனுப்புவதற்குள் நேரம் முடிந்திருக்கும். ஆணையர் அலுவலகத்தின் ஒரு கேள்வி அவருடைய மின்னஞ்சலில் ஒன்பது நாள் திறக்காமல் கிடந்தது.

டிரஸ்டுக்கென்று ஒரு சிம், ஒரு மின்னஞ்சல் வாங்கி எல்லாத் தளத்திலும் அதையே மாற்றுங்கள். கடவுச்சொற்களை மினிட் புத்தகத்தில் எழுதாதீர்கள், தனித் தாளில் எழுதி உறையில் ஒட்டி இரண்டு டிரஸ்டிகளிடம் கொடுங்கள். சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு வைத்தால் போதும். எங்கள் போன் என் மேசை டிராயரில் ரசீதுப் புத்தகங்களுக்கு மேல் கிடக்கிறது. மாதாமாதம் ரீசார்ஜ் போடுவது பொருளாளர் வேலை என்று தீர்மானமே போட்டிருக்கிறோம்.